தமிழய்யா சொன்ன படி

ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறவர்களில் பிரமநாயகம் ஒருவர்தான் கேள்வியோடு விடையையும் கையோடு கொண்டுவருவார். மடத்தில் இருக்கும் உமையம்மா அதற்கு 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். உமையம்மா அவ்வளவு சுலபத்தில் 'ஆமாம்' சொல்லுகிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் திரும்பத் திரும்ப அங்கேயே வந்துகொண்டிருந்தார்.

அவர் டவுன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். ஊரே அவரைத் தமிழய்யா என்றுதான் கூப்பிடும். அடுத்த வருஷம் ஓய்வுபெறப் போகிறவர், தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவளைக் குரு என்று கும்பிடுகிறாரே என்று ஆசிரியர் அறையில் கேலி பேசுவார்கள். "தெரிஞ்சவங்ககிட்டத்தான கேக்கணும்? வயசுகிட்டயா கேக்க முடியும்?" என்பார். அந்த மட்டில் அவர் நல்ல சீடர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோளில் ஒரு பயணப் பையும் கையில் மகளுமாக வந்தார்.

மகள் பெயர் உலகம்மை. உலகு என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. ஏழு வயது. நடை வந்ததே தாமதம். பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. படிப்பு வரவே இல்லை. ஆனால் சிரிப்பு மட்டும் யாருக்கும் குறைவில்லாமல் வரும்.

உமையம்மா மடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. உலகு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சுவரில் விரலை வைத்து எடுத்துத் தன் கன்னத்திலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

"ஏளா, சும்மா இரு. கண்ணுல பட்டிரப்போகுது," என்று பிரமநாயகம் அவசரமாகத் துண்டால் துடைத்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. மதினி வரலையா?"

"வரலை. வீட்டுல சண்டை."

"என்ன சண்டை?"

"இன்னைக்குச் சாயங்கால ரயில்ல பெங்களூருக்குக் கிளம்புதேன். அங்க ஒரு பெரிய டாக்டர் இருக்காராம். செண்பகம் ஒத்துக்கிட மாட்டுக்கா. 'இன்னொரு டாக்டர்னா நீங்க மட்டும் போங்க, பிள்ளையை அனுப்ப மாட்டேன்'னு நிக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்கிடுவா. அதுக்குத்தான், இங்க வாரேன்னு சொல்லிப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்."

"டாக்டரைப் பாக்கது நல்லதுதான. மதினி எதுக்கு வேண்டாங்காங்க?"

பிரமநாயகம் கதையைச் சொன்னார். முதலில் பார்த்தது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவை. அவர் காதைச் சோதித்தார், கண்ணைச் சோதித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், தலையைப் படம் எடுக்கச் சொன்னார். ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். கடைசியில், வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்றார். இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சிதான் மருந்து, கற்றுக்கொள்வாள், ஆனால் அவளுடைய வேகத்தில்தான் கற்றுக்கொள்வாள் என்றார். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்.

போனார்கள். உலகு கையை நீட்டி 'தா' என்று கேட்கப் பழகிக்கொண்டிருந்த சமயம், மதுரையில் ஒருத்தர் இருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு மதுரைக்கு ஓடினார். அப்புறம் கோயம்புத்தூர். அப்புறம் சென்னை. ஒவ்வொரு ஊருக்கும் போய்விட்டு வந்து நிற்கும்போது, அந்தப் பயிற்சிக்காரப் பெண் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அந்தப் பெருமூச்சு செண்பகத்துக்குக் கேட்டது. பிரமநாயகத்துக்கு அடுத்த ஊர்ப் பெயர்தான் கேட்டது.

"மதுரையில என்ன சொன்னாங்க?"

"பாளையங்கோட்டையில சொன்னதைத்தான் சொன்னாங்க."

"கோயம்புத்தூர்ல?"

"அதேதான்."

"சென்னையில?"

"அதையே கொஞ்சம் இங்கிலீஷ்ல சொன்னாங்க."

"அப்ப பதில் கிடைச்சிட்டுல்லா அண்ணாச்சி."

"கிடைச்சிட்டு. ஆனா அது பதில் மாதிரியே இல்லையேம்மா! ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். எம்பிள்ளைக்கு ஒரு 'அ' வரலை. எனக்குப் பிறகு இவ என்ன செய்வான்னு நினைச்சா நெஞ்சை அடைக்கு. ஒரு ஊர்லயாவது ஒரு டாக்டராவது வேற பதில் சொல்ல மாட்டாங்களா?"

உமையம்மா வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர்மாரு உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"என்னென்னமோ கேட்டாங்க. எல்லாரும் தப்பாமக் கேட்டது ஒண்ணு உண்டு. சொன்னதைப் புரிஞ்சு செய்வாளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செய்ய மாட்டான்னேன். படின்னு சொன்னாப் போதும், எந்திரிச்சு ஓடிருவா. தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். ஓடிப்போய் வாசல்ல உக்காந்துக்கிட்டு, கையால தரையைத் தட்டுவா பாருங்க, நிறுத்தவே மாட்டா. அதையும் சொன்னேன். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வாளான்னும் கேட்டாங்கல்லா, அதுக்கு."

"எங்க, ஒரு தரம் காட்டுங்க."

"என்னத்தை?"

"படிக்க மாட்டாங்கீங்கல்லா, அதை."

பிரமநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை டாக்டர்களில் ஒருத்தர்கூட இதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் அறையில் உலகு பொம்மையை விட்டு நகர மாட்டாள். படிப்பு என்ற பேச்சையும் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். வேகவேகமாகப் பையைத் திறந்து படப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"உலகு, இங்க வா. அப்பாவைப் பாரு. படி."

உலகு புத்தகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. எழுந்து ஒரே ஓட்டமாக வெளியே ஓடினாள். மடத்து வாசலை ஒட்டித்தான் ஆற்றுக்கு இறங்கும் படித்துறை. அதன் மேல்படியில், ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்துக் கல்லைத் தட்டத் தொடங்கினாள்.

"பாத்தீங்களாம்மா! பாத்தீங்களா!" வழக்கில் ஜெயித்தவர்போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"பாத்தேன். இன்னொரு தரம் சொல்லுங்க."

போய்க் கூட்டிவந்தார். "படி" என்றார். மறுபடியும் அதே ஓட்டம். அதே ஓரம். அதே தட்டு.

"இப்ப வேற வார்த்தை சொல்லிப் பாருங்க. வாசின்னு சொல்லுங்க."

மறுபடியும் கூட்டிவந்து உட்காரவைத்தார். "உலகு, வாசி" என்றார்.

உலகு ஓடவில்லை. அப்பாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாசிம்மா" என்று மறுபடி சொன்னார். அவள் அடுத்த பித்தானுக்குப் போனாள்.

பிரமநாயகம் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "இதுக்கு எதுக்கு ஓடலை?"

"தமிழய்யா நீங்க. என்கிட்டக் கேக்கீங்களே." உமையம்மா மறுபடியும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். "படிங்கிற சொல்லுக்கு எத்தனை பொருள் அண்ணாச்சி?"

சிலேடை நடத்தும்போதெல்லாம் பிரமநாயகம் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் சொல் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பழக்க தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஏவலா வந்தா, வாசிங்கிற அர்த்தம். பெயரா வந்தா, நெல் அளக்குத படி. வேலை விஷயமா வெளியூர் போனா சர்க்கார் கொடுக்குததுக்கும் படின்னு பேரு. ஏட்டைப் பாத்து எழுதின நகலும் படிதான். சொன்னபடின்னு ஒட்டி வந்தா, சொன்ன மாதிரியேன்னு பொருள். அப்புறம் ஏறுதோம், இறங்குதோம்லா, அந்த…"

அங்கே நின்றுவிட்டார்.

உமையம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரமநாயகம் மெல்லக் குனிந்தார். புத்தகம் கையில் இல்லை. அதட்டலும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர்போல, மகள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"படி."

உலகு ஓடினாள்.

ஓடுகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன். நடை பழகும்போது வீட்டு வாசப்படி அவளுக்குத் தடுக்கும். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'படி, பாத்து, படி'ன்னு சொல்லிச் சொல்லித்தான் இறக்கிவிடுவேன். இறங்கினப்புறம் ரெண்டு பேருமா அதுலேயே உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டிருப்போம். ஆடு போகும், சைக்கிள் போகும். சிரிப்பா. பள்ளிக்கூட வயசு வந்ததும் புத்தகம் வாங்கினேன். அப்புறம் உக்கார நேரமில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாள் கையை ஓங்கியிருக்கேன் தெரியுமா? சொன்னபடி கேக்க மாட்டுக்காளேன்னு."

"கேட்டிருக்கா," என்றார் உமையம்மா.

அந்த ஒரு சொல்லில் பிரமநாயகத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. இவ்வளவு நேரமும் பாரம் சுமந்த மனுஷன், சட்டென்று மறுபக்கம் தாவினார்.

"அப்ப எம்பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? எல்லா டாக்டரும் தப்பாச் சொல்லிட்டாங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"புரியுதே அவளுக்கு!"

"புரியுது. பேச்சு இன்னும் வரலைதான். எழுத்தும் வரலைதான். டாக்டரம்மா சொன்ன பயிற்சி வேணும்தான், விடாம வேணும். அவங்க சொன்னது ஒண்ணும் மாறலை. அவங்க கேட்ட ரெண்டு கேள்விக்கு நீங்கதான் தப்பா விடை சொல்லிட்டு வந்திருக்கீங்க. போய்த் திருத்திச் சொல்லுங்க. அவங்களுக்கும் உதவும்."

பிரமநாயகம் முகம் வாடவில்லை. வாடும் என்று அவரே எதிர்பார்த்தார். பாளையங்கோட்டையில் முதல் நாள் கேட்ட அதே சொற்கள்தான். 'கற்றுக்கொள்வாள், அவளுடைய வேகத்தில்தான்.' அன்றைக்கு 'அவளுடைய வேகத்தில்தான்' மட்டும் காதில் விழுந்தது. 'கற்றுக்கொள்வாள்' இன்றைக்குத்தான் விழுந்தது.

"பெங்களூர் டாக்டர்?" என்று இழுத்தார்.

"போகணும்னா போங்க. அவருகிட்ட என்ன கேக்கப்போறீங்க?"

யோசித்துப் பார்த்தார். கேட்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சொல்வதற்குத்தான் இருந்தது. அதைச் சொல்லவேண்டிய டாக்டரம்மா பாளையங்கோட்டையில் இருந்தார். அவருக்கும் முன்னால் சொல்லவேண்டிய ஆள் வீட்டில் கோபமாக இருந்தாள்.

போனை எடுத்தார்.

"செண்பகம், நான்தான். ரயிலுக்குப் போகலை. ஆமா, போகலை. நாளைக்குப் பயிற்சிக்கு நானும் வாரேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டு வாரேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டது செண்பகத்தின் குரல்.

"இல்லை."

"வந்து குடிங்க. பிள்ளைக்கு வெயில் படாமக் கூட்டிட்டு வாங்க."

போனைப் பையில் போட்டார். ஒரு வாரத்துச் சண்டை அவ்வளவில் முடிந்தது. வயிற்றில் பசி தெரிந்தது. இதற்கு முன் எப்போது இப்படிப் பசித்தது என்று அவருக்கு நினைவில்லை.

வெளியே உலகு இன்னும் கல்லைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். தட்டிவிட்டு மடத்து வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். மறுபடி தட்டுவாள்.

பிரமநாயகம் கிளம்பப்போனவர் நின்றார். நல்ல மாணவன் விட்டுப்போன கேள்வியைத் தேடுவதுபோலத் தேடினார்.

"ரெண்டு கேள்வின்னீங்களேம்மா. ஒண்ணு திருந்திட்டு. இன்னொண்ணு, இந்தத் தட்டுதது. இதுக்கு நான் டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

உமையம்மா மட்டையை வைத்துவிட்டு வாசல்வரை வந்தார். நாலு பேர் தாராளமாக உட்காரக்கூடிய அகலமான படி. பிள்ளை அதன் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, மற்ற இடத்தையெல்லாம் காலியாக விட்டிருந்தாள்.

"இடம் போட்டு வச்சிருக்கா அண்ணாச்சி. போய் உக்காருங்க."