பூபதியைத் தடுக்க ஐந்து பேர்

“என் ஆட்டத்துல என்னதாங்க குறை, கோச்?” என்று கேட்டான் பூபதி.

கோகிலவாணி கூடைப்பந்துகளைப் பொறுக்கிச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னையக் கேட்டா?”

“நீங்கதானுங்களே கோச்சு.”

அவள் இன்னொரு பந்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். அவனைவிட மூன்று வயது இளையவள். அதற்காக அவன் ஒருநாளும் அவள் பேச்சைத் தட்டியதில்லை.

பூபதி அப்படிக் கேட்டதைச் சொன்னால் உடுமலையில் யாரும் நம்பமாட்டார்கள். அவனுக்கா குறை? அவன் எம்பினால் கேலரியில் கடலை கொறிக்கிற சத்தம் நின்றுவிடும். மேலே போனவன் இறங்கி வருவானா மாட்டானா என்று இருக்கும். ஆட்டம் பார்க்கப் போகிற நானே எத்தனையோ தடவை வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். அது ஆட்டமே இல்லை, ஏதோ அருள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆனால் ஊர்க்கோப்பை பைனலில் மட்டும், கடைசி நிமிடத்தில், பந்து அவன் கையில் இருக்கும்போதே அவன் அணி தோற்றுப்போகும். மூன்று வருடமாக இதே கூத்து.

“இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தா ஷூவைக் கழட்டி வெச்சிருவனுங்க. சத்தியமாச் சொல்றேன்.”

கோகிலவாணி சாக்கின் வாயைக் கட்டினாள்.

“காலைல வருவாங்களே, சுகர்காரங்க. அவங்களத் தெரியுமுங்களாண்ணா?”

தெரியாமல் என்ன? டாக்டர் நடக்கச் சொல்லி மைதானத்துக்கு வந்து, நடக்க அலுத்துப்போய், ஓரமாகப் பந்து தட்டுகிற ஐந்து பேர். வளையத்தில் போடுவதைவிட வேலிக்கு அந்தப் பக்கம் போட்டதுதான் அதிகம்.

“நாளையிலிருந்து நீங்கதான் அவங்களுக்குக் கோச். உங்களை எப்படித் தடுக்கறதுன்னு சொல்லிக்குடுங்க. சனிக்கிழமை நம்ம டீமோட ஆடட்டும்.”

“விளையாடறீங்களா, கோச்?”

“இல்லீங்ணா. ஒண்ணும் ஒளிக்காமச் சொல்லிக்குடுங்க.”

*

அந்த ஐந்து பேரில் ஜவுளிக்கடை செல்லமுத்துவுக்குத் தொப்பை முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தம்பி, உங்களை நாங்க தடுக்கறதுங்களா? ஆனையப் புடிச்சுப் பானைக்குள்ள அடைக்கற கதையா இருக்குது.”

“அடைக்கலாமுங்க. நான் எடது பக்கம் போற மாதிரி காட்டுவேன். நம்பாதீங்க. எப்பவும் வலதுதான்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதாங்க.”

சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. இதை அவன் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் சொன்னான்: “ரெண்டு தட்டுத்தான் தட்டுவேன். மூணாவது கிடையாது. எம்பிருவேன்.”

செல்லமுத்து தலையாட்டினார். பல் டாக்டர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் தொண்டையைச் செருமினார்.

“அதுக்கு முன்னால நீங்க வலது ஷூவைத் துடைக்கறீங்க. அதையும் சேத்துக்கலாமுங்களா?”

சிமெண்டுத் தரையில் புழுதி அப்பும். கால் வழுக்காமல் இருக்க, ஷூவின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வழக்கம்தான்.

“நின்னு ஆடறப்பத் துடைக்கறதில்ல. பாயப் போறப்ப மட்டும்,” என்றார் டாக்டர்.

பூபதி தன் கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை கறுத்திருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனான்.

*

சனிக்கிழமை காலை.

அவன் வலது பக்கம் போனான். அங்கே செல்லமுத்துவின் தொப்பை ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது.

ரெண்டு தட்டுத் தட்டினான். எம்புவதற்குள் டாக்டரின் கை முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

ஷூவைத் துடைத்தான். “வர்றாப்புல, வர்றாப்புல!” என்று ஐந்து பேரும் கத்தினார்கள்.

கேலரியில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. மாநிலமே தடுக்க முடியாத ஒருவனை, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்த ஐந்து பேர் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல்தான் இருந்தது.

பூபதிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோயிலுக்குள் வந்துவிட்டவன்போல அவன் முகம் மாறியிருந்தது. இத்தனை வருடம் தான் ஆடியதை இன்றைக்குத்தான் அவன் எதிரில் நின்று பார்த்தான்.

மறுபடியும் பந்து அவனிடம் வந்தது. செல்லமுத்து வந்தார். டாக்டர் வந்தார். மற்ற மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஐந்து பேரும் அவனைச் சுற்றிக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் அசைய இடமில்லை.

கோகிலவாணி விசில் ஊதினாள்.

“யாரும் நகராதீங்க. எப்படி நிக்கறீங்களோ அப்படியே நில்லுங்க.”

நின்றார்கள்.

பந்தை இடுப்போடு அணைத்தபடி பூபதி கேட்டான்.

“ஏனுங்க, அஞ்சு பேரும் எங்கிட்டயே வந்துட்டீங்களே. எங்க டீமுல மத்த நாலு பேரை ஆரு பாக்கறது?”

செல்லமுத்து வேர்வையைத் துடைத்தார்.

“அவங்களப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே, தம்பி.”

“பந்தை நான் அவங்களுக்குக் குடுத்துட்டா?”

செல்லமுத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

“அது பாடத்துலயே வரலீங்களே,” என்றார் டாக்டர்.

பூபதி கோச்சைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

ஐந்து தலைகளுக்கு அந்தப் பக்கம் மைதானம் கிடந்தது. சின்ன வயதிலிருந்து அவன் ஓடிய அதே மைதானம்தான். வெயில் விழுந்து, அகலமாக, வெறுமையாகக் கிடந்தது. இவ்வளவு இடமா என்று அவன் உதடு அசைந்தது.

வளையத்துக்கு நேர் கீழே அவனுடைய அணியின் ரங்கநாதன் நின்றிருந்தான். பக்கத்தில் தடுக்க ஓர் ஆள் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“ரங்கா,” என்றான் பூபதி. “நீ எப்படா அங்க போன?”

ரங்கநாதனுக்குக் கேள்வியே புரியவில்லை.

“நான் எப்பவும் இங்கதாங்ணா நிக்கறேன்.”