வெள்ளைக் கோடு

"எஞ்சின் மறுபடியும் தட்டுது, ஆசானே!"

தேவசகாயம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்திரண்டு. ஆசான் சத்தியகலாவுக்கு முப்பத்து நான்கு. ஞாயிறுதோறும் அவளுடைய கார் பட்டறையில்தான் அவர் தொழில் பழகுகிறார்.

ஏற்காடு அடிவாரத்தில், வருஷாந்திர மலையேற்றப் பந்தயத்துக்காகப் பழைய கார்கள் வரிசைகட்டி நின்றன. கொடியசைக்க நாற்பது நிமிஷம் இருந்தது. மூன்று வருஷமாக அவருடைய கார் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் தட்டித் தட்டிப் படுத்துவிடுகிறது. இந்தத் தடவையும் படுத்தால் விற்றுவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நெருப்புப் பொறி விழுற டைமிங் பாத்தீங்களா சார்?"

"புத்தகத்துல உள்ளபடி, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குப் பத்து டிகிரி முன்னாடி. காலையிலிருந்து மூணு தடவை பாத்தாச்சு. நீங்களே பாருங்க."

ஓடும் எஞ்சின்மேல் டைமிங் லைட்டைப் பிடித்தார். பளிச் பளிச்சென்ற வெளிச்சத்தில், எஞ்சின் முன்னால் சுழலும் புல்லியின் வெள்ளைக் கோடு, பக்கத்து அளவுகோலில் பத்துக்கு நேரே அசையாமல் நின்றது.

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!"

"ஆஃப் பண்ணுங்க."

சத்தியகலா கையிலிருந்த இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். ஸ்ட்ராவைத் துடைத்து அந்தத் துளைக்குள் விட்டாள்.

"நேரம் ஓடுது, நீங்க விளையாடுறீங்களே!"

"ஸ்பானரைப் போட்டு எஞ்சினை மெதுவா சுத்துங்க. ஸ்ட்ரா ஏறி நிக்கிற இடத்தைச் சொல்லுங்க."

சுற்றினார். ஸ்ட்ரா ஏறியது. இன்னும் ஏறியது.

"நின்னுருச்சு!"

"பிஸ்டன் உச்சிக்கு வந்தாச்சு. இப்பக் கோடு எங்க இருக்கணும்?"

"சைபர்ல."

"இருக்கா?"

குனிந்தார். வெள்ளைக் கோடு சைபரைத் தாண்டி ஒரு விரல் தள்ளி நின்றது.

"புல்லியோட வெளி வளையம் நழுவியிருக்கு சார். நெருப்பு முந்திக்கிட்டு விழுது. மேட்டுல தட்டாம என்ன செய்யும்?"

"அப்ப மூணு வருஷமா நான் எதைப் பாத்தேன்?"

"கோட்டை."

அவருக்குக் காது சூடேறியது. அவள் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, புல்லியில் சைபருக்கு நேரே புதுக் கோடு இழுத்தாள். ஸ்ட்ராவைக் கைப்பையில் போட்டுவிட்டுப் பிளக்கை மாட்டினாள்.

"இனி நீங்க."

எஞ்சினை ஓடவிட்டு, பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பினார். சிவப்புக் கோடு பத்தில் வந்து நின்றது. எஞ்சினின் முனகல் மாறியது. கொடி அசைந்தது.

ஒன்பதாவது வளைவு. பத்தாவது. பக்கத்தில் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பிச் செடி வாசம் உள்ளே வந்தது. அவர் காது எஞ்சினிலேயே இருந்தது.

பதினொன்று.

தட்டவில்லை. கார் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே பாய்ந்தது. ஹாரனை அமுக்கியபடியே கத்தினார்:

"ஏறிட்டா! ஏறிட்டா ஆசானே! இனிமே இந்தச் சிவப்புக் கோடு போதும். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், இல்லையா?"

சத்தியகலா கைப்பையைத் திறந்து, அந்த ஸ்ட்ராவை எடுத்து, அவர் சட்டைப் பையில் செருகினாள்.