கிழிசலுக்குக் கிடைத்த இடம்

மேகம் இறங்கிவந்து ஓட்டுக்கூரை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் மலையடிவார ஊர் ஒன்று தெற்கே இருந்ததாம். அந்த ஊரில் ஒரு வைத்தியசாலை. அதை நடத்தியவர் குழல்வாய்மொழி என்ற அம்மா. அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவருடைய மூத்த சீடர் சங்கிலிபூதத்துக்கோ ஐம்பதுக்கு மேல்.

சங்கிலிபூதம் முன்பு வண்டிக்காரர். நோயாளியை ஏற்றிக்கொண்டு வருவார், இறக்கிவிட்டதும் போக மாட்டார். "இது ஏன் கசக்குது? அதுக்கு ஏன் பத்தியம்?" என்று நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் குழல்வாய்மொழி, "அண்ணாச்சி, நீங்க கேக்கிற கேள்விக்கெல்லாம் மாடுதான் வெயில்ல காத்துக் கிடக்கு. அதை வித்துட்டு இங்கேயே இருந்துருங்க" என்றார். அவரும் இருந்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரே ஒரு புதுச் சீடரைத்தான் அங்கே சேர்ப்பார்கள். ஆவணி பிறந்ததும் அதற்கென்று ஒரு நாள் குறிப்பார்கள். வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, அன்று வைத்தியத்துக்கு வந்திருக்கும் ஒரு நோயாளியின் எதிரில் உட்கார வைப்பார்கள்.

"பாரு. பாத்துட்டுச் சொல்லு."

பரீட்சை அவ்வளவுதான்.

அந்த வருஷம் நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் மந்திரமூர்த்தி என்ற விவசாயி. தோளில் கிடக்க வேண்டிய துண்டை மடியில் விரித்துப் போட்டிருந்தார். வயிறு எரிகிறது, சோறு இறங்கவில்லை என்றார். குழல்வாய்மொழி காலையிலேயே அவருடைய நாடியைப் பார்த்துவிட்டார். வயிற்றுப்புண்ணுக்கான மருந்து கல்வத்தில் பாதி அரைந்தபடி இருந்தது.

வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். வைரவநாதன் என்ற பையன் மட்டும் மூன்று விரல் வைத்து நாடியைப் பிடித்த அழகு, பார்த்தவர் கண்ணிலேயே நின்றது. வயிற்றுப்புண்ணைக் "குன்மம்" என்றான். அதற்குரிய வைத்தியப் பாட்டைத் தடுமாறாமல் சொன்னான். மருந்து சொன்னான், அதற்குப் பத்தியமும் சொன்னான்.

சங்கிலிபூதம் குனிந்து, "அம்மா, இவனை விட்டுராதீங்க" என்று கிசுகிசுத்தார்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கு, அண்ணாச்சி. கூப்பிடுங்க."

வெளியே கடைசியாக நின்றிருந்தவன் தீர்த்தாரப்பன். செக்கு ஆட்டுகிறவர் மகன். ஆனால் இடுப்பில் ஜரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி.

சங்கிலிபூதத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னடே, பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்திருக்கே?"

"அப்பாவோட கல்யாண வேட்டி அண்ணாச்சி. பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. இடம் கிடைச்சா வேட்டி உனக்கு, கிடைக்கலைன்னா செக்கு உனக்குன்னுட்டாங்க."

"செக்கு என்ன கெட்ட தொழிலா?"

"இல்லை அண்ணாச்சி. ஆனா எங்க ஊர்ல வைத்தியம் தெரிஞ்சவங்க ஒருத்தரும் கிடையாது. காய்ச்சல்னா எங்க வீட்டு எண்ணெயத்தான் வாங்கித் தடவுதாங்க. போன மழைக்கு ரெண்டு பிள்ளைங்க போயிருச்சு. ரெண்டு பேருக்கும் நான்தான் எண்ணெய் ஊத்திக் குடுத்தேன்."

சங்கிலிபூதம் அதற்கு மேல் கேட்கவில்லை. "போ, போ. கூப்பிடுதாங்க" என்றார்.

தீர்த்தாரப்பன் உள்ளே வந்தான். கும்பிட்டான். மந்திரமூர்த்தியின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

டர்ர்ர்ர்.

பெட்டிக்குள் பல வருஷம் கிடந்த பட்டு. மடிப்பெல்லாம் இத்துப்போயிருந்தது. இடுப்பில் தொடங்கிய கிழிசல் பின்பக்கமாக முழங்கால் வரைக்கும் போய்த்தான் நின்றது.

"உள்ள யாரோ ஜவுளிக்கடை திறந்துட்டாங்கடே!" என்றது வெளியே ஒரு குரல்.

"எனக்கு ரெண்டு முழம் கிழிக்கச் சொல்லு" என்றது இன்னொரு குரல். ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரே சிரிப்பு.

தீர்த்தாரப்பனின் முகம் கறுத்துவிட்டது. இடது கை தானாகப் பின்னால் போய்க் கிழிசலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. குழல்வாய்மொழி சட்டென்று முகத்தைத் திருப்பி, மருந்துப் பரணிகள் இருந்த பக்கம் பார்த்தார். சங்கிலிபூதம் தன் துண்டை உருவிக்கொண்டு ஓடிவந்தார். நோயாளியும் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இந்தா, கட்டிக்கோ" என்று சங்கிலிபூதம் துண்டை நீட்டினார்.

"இருங்க அண்ணாச்சி."

அவன் துண்டை வாங்கவில்லை. எதிரில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அங்க என்ன செய்யுது?"

"வயிறுதான் தம்பி. எரியுது."

"வயித்தைக் கேக்கலை. துடையில."

மந்திரமூர்த்தியின் சிரிப்பு நின்றது. "துடையிலயா? ஒண்ணுமில்லையே."

"சிரிப்பு வந்தா எங்க ஊர்ல துடையத் தட்டிச் சிரிப்பாங்க. நீங்க துண்டோட சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சீங்க."

"அது என் பழக்கம்."

"நானும் அப்படித்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான் தீர்த்தாரப்பன். பின்னால் இருந்த கையைக் கண்ணால் காட்டினான். "எனக்கு இது இப்போ வந்த பழக்கம்."

ஒருவர் கை பின்னால் கிழிசலில். ஒருவர் கை முன்னால் துண்டில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடே, சத்தத்தையே காணோம்? தையல் போடுதானா?" என்றது வெளிக்குரல்.

"ஏலே, சும்மா கிடங்கலே!" என்று சங்கிலிபூதம் அதட்டி, ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

தீர்த்தாரப்பன் குரலைத் தாழ்த்தினான். "ஐயா, நமக்குள்ள ஒரு பேச்சு. நான் கைய எடுக்கேன். நீங்களும் எடுங்க."

"விளையாடாதே."

"நீங்க முதல்ல எடுக்க வேண்டாம். நான் எடுக்கேன்."

சொல்லிவிட்டு எழுந்தான். கையை விட்டான். முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். பட்டு இரண்டு பக்கமும் விலகித் தொங்கியது. நடுவில், துவைத்துத் துவைத்து நிறம் போன கோவணம். அதிலும் ஓர் ஒட்டு.

மந்திரமூர்த்தி சற்று நேரம் பார்த்தார்.

"இதுவும் உங்க அப்பாவோடதா?"

"இல்லைய்யா. இது நான் சம்பாதிச்சது."

மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு மாதிரி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மடியில் கிடந்த துண்டை மெதுவாக விலக்கி, வேட்டியை ஒதுக்கினார்.

இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய படை. சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"பெருநோய், குஷ்டம்" என்றார். வாய்க்குள்ளேதான் சொன்னார். "மகளுக்குத் தையில கல்யாணம். வெளியே தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

துண்டின் முனையைப் பிடித்து முறுக்கினார்.

குழல்வாய்மொழி இப்போது அருகில் வந்து உட்கார்ந்திருந்தார். "இதுக்கு என்ன சாப்பிடுதீங்க?"

மந்திரமூர்த்தி சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"ஐயா, நான் காட்டிட்டேன்ல, நீங்க சொல்லுங்க" என்றான் தீர்த்தாரப்பன், இன்னும் திரும்பி நின்றபடியே.

"சந்தையில ஒருத்தன் குடுத்தான். சேராங்கொட்டை லேகியம். இதுக்கு அதான் மருந்துன்னான். நிறையத் தின்னா சீக்கிரம் போயிரும்னான். கொட்டை எண்ணெயை மேலயும் பூசச் சொன்னான்."

குழல்வாய்மொழி கல்வத்தைப் பார்த்தார். பாதி அரைந்திருந்த மருந்தைக் கையால் ஒதுக்கித் தள்ளி வைத்தார். விளக்குத் திரி ஒன்றை எடுத்துவந்தார்.

"கண்ணை மூடுங்க. நான் தொடுதேன். தொட்ட இடத்தைச் சொல்லுங்க."

"ஓரத்துல."

"இப்போ?"

"நடுவுல."

"இப்போ?"

"தொடலையே."

"ஆமா, தொடலை. இப்போ?"

"கூசுதும்மா."

"கூசுதுல்ல? கண்ணைத் திறங்க. பெருநோய்ப் படையில திரி தொட்டாத் தெரியாது. இது தேமல். கொட்டை எண்ணெயப் பூசிப் பூசி நீங்கதான் இதைப் புண்ணாக்கிட்டீங்க. உள்ளுக்குத் தின்னது வயித்தைப் புண்ணாக்கிட்டுது."

"தேமலா?"

"தேமல்."

மந்திரமூர்த்தி திரியை அவர் கையிலிருந்து வாங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே ஒருதரம் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தரமும் தொட்டுப் பார்த்தார். பிறகு திரியைக் கீழே வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தம்பி, திரும்பு" என்றார் குழல்வாய்மொழி.

தீர்த்தாரப்பன் திரும்பினான். கை மறுபடியும் கிழிசலுக்குப் போயிருந்தது.

"நாடி பாத்தியா?"

"இல்லைம்மா."

"பாக்கத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"குன்மத்துக்குப் பாட்டு?"

"தெரியாது."

"பின்னே என்னதான் தெரியும்?"

அவன் யோசித்தான். "எண்ணெய் ஆட்டத் தெரியும்."

"சரி. வேட்டியை அவுத்து அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு, அவர் துண்டைக் கட்டிக்கிட்டுப் போ. செக்குக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு உங்க அப்பாவை. நாளைக்குக் காலையில இங்க வந்துரு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டான். சங்கிலிபூதம் பாய்ந்துபோய் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வெயில் தாழ்ந்தது. குழல்வாய்மொழி கல்வத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சங்கிலிபூதம் பட்டு வேட்டியை விரித்துப் போட்டு, சாக்குத் தைக்கிற ஊசியால் எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பைத் தொட்ட இடமெல்லாம் விட்டுப்போனது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"நீங்க பேசாம உக்காந்திருந்ததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. கேளுங்க."

"வைரவநாதனுக்கு நாடி தெரியுது. பாட்டு தெரியுது. பத்தியம்கூடத் தெரியுது."

"தெரியுது. அவன் சொன்னதைத்தான் காலையில நானும் சொன்னேன். அந்த மருந்தை அரைச்சும் வெச்சேன்."

"சரி, அதை விடுங்க. இந்தப் பய வேட்டி கிழியாம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா?"

"அவனும் வயிறுன்னுதான் சொல்லியிருப்பான். அதையும் உருப்படியாச் சொல்லியிருக்க மாட்டான்."

"மாட்டான்."

"அப்போ இடத்தை யாருக்குக் குடுத்தீங்க? அவனுக்கா, இந்தக் கிழிசலுக்கா?"

குழல்வாய்மொழி கல்வத்தில் தண்ணீரை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

"டர்ருனு கேட்டுச்சே, அப்போ நீங்க எதைப் பாத்தீங்க?"

"வேற எதைப் பாக்க? கிழிசலைத்தான். மறைக்கத் துண்டை உருவுனேனே."

"வெளியே நின்னவங்க?"

"அவங்களும்தான். ஜன்னல்ல தொங்கிக்கிட்டுல்லா பாத்தானுவ."

"நான்?"

சங்கிலிபூதம் தயங்கினார். "நீங்க பாக்கலைம்மா. பாவம்னு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க."

"கிழிசலைப் பாக்கக் கூடாதுன்னு பரணியைப் பாத்தேன். பரணியில என்ன இருந்துச்சுன்னு கேட்டா இப்பவும் எனக்குத் தெரியாது. நினைப்பெல்லாம் கிழிசல்லதான் இருந்துச்சு."

தண்ணீரைக் கொட்டினார். கல்வத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்நேரம் இந்த அறையில ஒரே ஒரு ஆள்தான் நோயாளியைப் பாத்துக்கிட்டிருந்தான், அண்ணாச்சி. இத்தனைக்கும் கிழிஞ்சது அவன் வேட்டி."