உண்டுக்காரரும் இல்லைக்காரரும்

மலைகள் இன்றைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்த காலம் அது. தேனாற்றங்கரையில் வேங்கைநகர் என்று ஓர் ஊர். அதை ஆண்டவன் பரிமேலன் என்ற அரசன். வயதில் இளையவன், மனதில் நல்லவன், ஆனால் பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு.

அந்த ஊரில் நன்னாகர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் எதையும் நம்புவார். கடவுளைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை, சோதித்ததும் இல்லை. ஆகவே கடவுள் இல்லை என்பார்.

அவருக்கு ஒரு சம்பந்தி இருந்தார். பெயர் வெண்காடர். கோயில் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்பவர். விடியற்காலையில் பூப்பறிக்கும்போது ஒவ்வொரு செடியோடும் பேசுவார், செடியைப் படைத்தவனோடும் பேசுவார். நன்னாகரின் மகள் அல்லியைத் தன் மகனுக்குக் கட்டிவைத்து, அவளைத் தன் மகளாகவே வைத்திருந்தார்.

வெண்காடருக்கு மூச்சிரைக்கும் இளைப்பு நோய் உண்டு. தினமும் மாலையில் நன்னாகர் அவருக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பார். இருவரும் குளத்துப் படிக்கட்டில் உட்காருவார்கள். வெண்காடர் கடவுள் பெயரைச் சொல்லிக் கிண்ணத்தை வாங்குவார்.

"மருந்து கொடுப்பது நான். பெயர் மட்டும் அவனுக்கா?" என்பார் நன்னாகர்.

"நோயைத் தணிப்பது எது, சம்பந்தி?"

"ஆடாதொடை இலை."

"இலையை வளர்ப்பது எது?"

"மழை."

"மழையைப் பெய்விப்பது?"

"முதலில் குடியும், சம்பந்தி. ஆறிப்போகிறது."

இப்படியே வருஷங்கள் போயின. இந்தப் பேச்சைக் கேட்க ஊர் கூடியது. கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? பாதிப் பேர் வெண்காடர் பக்கம் சேர்ந்து உண்டுக்காரர்கள் ஆனார்கள். பாதிப் பேர் நன்னாகர் பக்கம் சேர்ந்து இல்லைக்காரர்கள் ஆனார்கள். பேசிய இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கேட்டவர்கள் கம்பெடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கடைக்குப் போய் "உப்பு உண்டா?" என்று கேட்டவனுக்கு ஒரு தெருவில் அடி விழுந்தது. "இல்லை" என்று சொன்ன கடைக்காரனுக்கு அடுத்த தெருவில் அடி விழுந்தது.

செய்தி அரசனுக்குப் போயிற்று. பரிமேலன் கொதித்தான். "ஓர் ஊருக்குள் இரண்டு உண்மை எதற்கு? வருகிற பௌர்ணமியன்று காலை இருவரும் சபையில் வாதாடட்டும். வென்றவர் சொல்வதே ஊரின் உண்மை. தோற்றவர் ஆற்றைக் கடந்து காட்டுக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது!"

நன்னாகர் அன்று மருந்து அரைக்கவில்லை. மகள் அல்லி தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீடு வந்திருந்தாள். நிறைமாதம். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்பா, நீங்கள் தோற்றால் நீங்கள் போவீர்கள். மாமா தோற்றால் மாமா போவார். யார் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள?"

நன்னாகர் எழுந்தார். வெளியே வந்து ஆற்றின் அக்கரையைப் பார்த்தார். காடு ஈரக் காடு, பனி இறங்கும் காடு. அங்கே வெண்காடரின் மூச்சு எத்தனை நாள் தாங்கும்? கஷாயம் யார் கொடுப்பார்கள்? பறிக்க ஒரு பூச்செடி இல்லாமல் அந்த மனுஷன் யாரோடு பேசுவார்?

'நான் தோற்றுவிடுகிறேன்' என்று முடிவு செய்தார்.

ஆனால் தோற்பதும் சுலபம் இல்லை. ஊரறிந்த வாதக்காரர் வாய்மூடி நின்றால் அரசனுக்குச் சந்தேகம் வரும். அதனால் வெண்காடர் சொல்வதையெல்லாம் வெண்காடரைவிட நன்றாகச் சொல்லி, தன் கட்சியைத் தானே கவிழ்ப்பது என்று நினைத்தார். யோசித்துப் பார்த்தால், சம்பந்தி சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருந்தது. இத்தனை வருஷம் எதிர்த்துக்கொண்டே எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. அரண்மனை முற்றத்தில் ஊரே கூடியது. உண்டுக்காரர்கள் இடப்பக்கம், இல்லைக்காரர்கள் வலப்பக்கம், நடுவில் சம்பந்திகள் இருவர்.

அரசன் முதல் கேள்வி கேட்டான். "இந்த உலகத்தை யார் செய்தது? வெண்காடரே, நீர் முதலில் சொல்லும்."

வெண்காடர் எழுந்தார். மூச்சு வாங்கியது. "யாரும் செய்யவில்லை, அரசே. என் தோட்டத்தில் நான் நடாத பூண்டுகள் ஆயிரம். விதை விழுகிறது, ஈரம் படுகிறது, முளைக்கிறது. நட்டவன் ஒருவன் வேண்டும் என்பது நம் ஆசைதான்."

சபை வாயைப் பிளந்தது. நன்னாகருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. 'அடப் பாவி மனுஷா! நீரும் தோற்கவா வந்தீர்?' விடக் கூடாது என்று துள்ளி எழுந்தார்.

"தவறு, அரசே! செய்தவன் உண்டு. இவர் காலில் மண்வெட்டி பட்டபோது நான்தான் கட்டுப் போட்டேன். கட்டுவது மட்டும்தான் என் வேலை. வெட்டுண்ட தோலைத் தோலோடு சேர்த்தது நான் இல்லை. தைத்தவன் தெரியவில்லை என்பதற்காகத் தையலே இல்லை என்று சொல்லலாமா?"

அரசன் குழம்பினான். இரண்டாவது கேள்வி கேட்டான். "கடவுள் இருந்தால் துன்பம் ஏன்?"

வெண்காடரே மீண்டும் எழுந்தார். "விஷக்காய்ச்சல் வந்த ஆண்டு ஞாபகம் இருக்கிறதா, அரசே? விளக்கேற்றிய வீட்டிலும் சாவு விழுந்தது, ஏற்றாத வீட்டிலும் விழுந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்த வீடுகள்தான் பிழைத்தன. என் மனைவி கும்பிட்ட கையோடு போய்ச் சேர்ந்தாள். கேட்க ஒருவன் இருந்திருந்தால் அவள் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்கும்."

 நன்னாகர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எத்தனையோ வாதம் செய்தவர், இந்த ஒரு வாதத்தை மட்டும் வெண்காடரிடம் சொன்னதே இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை எத்தனையோ முறை விழுங்கியிருக்கிறார். அவர் விழுங்கியது வெண்காடருக்குத் தெரிந்திருக்கிறது. நன்னாகரைக் காப்பாற்றுவதற்காக அதைத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்கிறார்.

மூன்றாவது கேள்வி வந்தது. "காணாத ஒன்றை உண்டு என்று எப்படிச் சொல்வது? நன்னாகரே!"

நன்னாகர் நினைத்து வந்த வாதங்கள் எல்லாம் மறந்துபோயின. "அரசே, அந்தக் காய்ச்சலில் இவர் மனைவிக்கு மருந்து கொடுத்தவன் நான். என் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாளை எரித்துவிட்டு வந்தபோது இவரும் பிழைக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். இவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால், இவர் அழுதுகொண்டே பூப்பறித்துக்கொண்டிருந்தார். யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அன்று இவரை எழுப்பி நிறுத்திய மருந்து எது? நான் காணவில்லை. ஆனால் இவர் எழுந்து நின்றதைக் கண்டேன்."

சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை.

"யார் வென்றது?" என்றான் அரசன்.

"அவர்தான்! நான் தோற்றேன்" என்றார் வெண்காடர்.

"இல்லை அரசே, நான்தான் தோற்றேன்" என்றார் நன்னாகர்.

"விளையாடுகிறீர்களா?" அரசன் எழுந்துவிட்டான். "உண்டு என்பவர் இல்லை என்கிறார். இல்லை என்பவர் உண்டு என்கிறார். சபையை ஏமாற்றவா வந்தீர்கள்?"

வெண்காடர் கைகூப்பினார். "மன்னியுங்கள். அவர் போய்விட்டால் ஊருக்கு மருத்துவர் இல்லை. பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அப்பா இல்லை."

"இவர் போய்விட்டால் இவருக்கு மூச்சே இல்லை, அரசே" என்றார் நன்னாகர்.

அரசன் மெல்ல உட்கார்ந்தான். "சரி, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள். கடவுள் உண்டா, இல்லையா?"

"உண்டு!" என்றார் வெண்காடர்.

"இல்லை!" என்றார் நன்னாகர்.

"தோலைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னீரே, சம்பந்தி!"

"அது உம்முடைய வாதம். கட்டுப் போடும்போது நீர் சொன்னது. அன்றைக்கே தப்பு என்றேன், இன்றைக்கும் தப்புதான்!"

அரசன் எதிரில் இருப்பதையே மறந்து இருவரும் சண்டை போட்டார்கள். பரிமேலன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு இரண்டு பக்கத்துக் கூட்டத்தையும் பார்த்துக் கேட்டான்.

"எதிர்க்கட்சி சொல்வதை இப்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் உங்களில் யாராவது உண்டா?"

 பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் மெதுவாக, "இல்லை" என்றது.

"அப்படியானால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். 'நீ சொன்னது சரியாக என் வாதம்தான்' என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகு, அவனை மறுக்கலாம். அதுவரை கம்பைக் கீழே போடுங்கள்." காட்டுக்கு அனுப்பும் கட்டளையை அங்கேயே ரத்து செய்தான்.

சில நாளில் அல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம். நன்னாகர் மருந்து அரைத்தபடி இருந்தார், வெண்காடர் கண்ணை மூடி முணுமுணுத்தபடி இருந்தார். குழந்தையின் அழுகை கேட்டதும் இருவரும் உள்ளே ஓடினார்கள்.

"அவன் செயல்!" என்றார் வெண்காடர்.

"என் மருந்து!" என்றார் நன்னாகர்.

அல்லி களைத்த கண்களைத் திறந்தாள். "பெற்றவள் நான். அப்பா, மாமா, இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். குழந்தை தூங்கட்டும்."

இருவரும் வெளியே போனார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

ஆகவே கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே: ஒருவருடைய கொள்கையோடு கடைசிவரை மாறுபட்டாலும், அந்த மனிதரை மட்டும் தோற்கவிடாமல் காப்பதே அறிவுக்கும் பக்திக்கும் அழகு.