லாரிக் காது

சிங்காநல்லூர் கார் பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் பூங்கொடி குரு, நாச்சிமுத்து சீடர். சீடருக்குத்தான் வயது பத்துப் பதினைந்து கூடுதல். லாரிப் பட்டறையிலேயே தலை நரைத்தவர். பழைய கார்களின் பின் அச்சு வேலையில் அவளை அடிச்சுக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டு, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

முதல் வேலையே வாடிக்கையாளர் தேவராஜுலுவின் பிளிமத் வேலியன்ட் கார். அமெரிக்காவில் அதைச் சின்னக் கார் என்பார்களாம். நம் சந்தில் நிறுத்தினால் பால்காரர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பங்கு வைக்கிற டிஃபரன்ஷியலைக் கழற்றி, புதுப் பல்சக்கரங்கள் போட்டுப் பூட்டினார் நாச்சிமுத்து. பூங்கொடி ஓட்டினாள். வேலை செய்தவர் பின் சீட்டில் உட்கார வேண்டும் என்பது அவள் பட்டறை வழக்கம்.

“ஏனுங்ணா, ஏதாச்சும் கேக்குதுங்களா?”

“ஒண்ணுமில்லீங் அம்மணி. ஜம்முனு போகுது.”

அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது.

“அப்ப இது?”

“இது வண்டிச் சத்தமுங்க. எல்லா வண்டிக்கும் இருக்கறதுதானுங்களே?”

“உங்களுக்கு லாரிக் காதுங்ணா. இன்னொருக்கா கழட்டுங்க. ஊளை நிக்கலீன்னா, நீங்க லாரிக்கே போயிருங்க.”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மறுபடி கழற்றினார். பற்களில் மஞ்சள் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தார். உரசிய தடம் பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தது; ஊளை அங்கிருந்துதான். காகிதம் போன்ற தகட்டு வளையங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, தடம் பல்லின் நடுவுக்கு வந்த பிறகுதான் பூட்டினார்.

இம்முறை தேவராஜுலுவே ஓட்டினார். குருவும் சீடரும் பின் சீட்டில். மருதமலைச் சாலை இறக்கத்தில் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது நாச்சிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். ஓரத்துப் புளியமரத்தில் மைனாக்கள் சண்டை போடுவதுதான் கேட்டது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“அடடா, என்னமா எஞ்சின்! பெயின்ட்டும் கண்ணாடியாட்டம் இருக்குது!” என்று மெச்சியபடி அவர்களைப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார் தேவராஜுலு.

நாச்சிமுத்துவுக்கு மனசே ஆறவில்லை.

“அம்மணி, அந்த மனுசன் எஞ்சினைச் சொன்னாரு, பெயின்ட்டைச் சொன்னாரு. நான் செஞ்ச வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்களே?”

பூங்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் கொள்ளாத பெருமை.

“பேசறதுக்கு நீங்க ஒரு சத்தங்கூட மிச்சம் வெக்கலீங்களேண்ணா.”