முட்டில்லாக் குவிமாடம்

முன்னொரு காலத்தில் வெண்சங்கு நாடு என்கிற கடற்கரைச் சீமையைக் கொற்றமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுவான். மறந்ததை ஏன் இன்னும் செய்யவில்லை என்று சாயங்காலம் அதட்டுவான். ஒருநாள் அவன் போன படகு புயலில் கவிழ்ந்தது. முத்துக்குளிப்பவர்கள் அவனைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். "உங்கள் மாதா கோவிலுக்கு, கடலில் இருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி குவிமாடம் கட்டித் தருகிறேன்" என்று உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டான்.

சுவர் எழும்பியது, எட்டுப் பட்டையாக, எண்பது முழ அகலத்துக்கு. அதோடு வேலை நின்றது. குவிமாடம் காய்ந்து இறுகும்வரை அடியில் மர முட்டு கொடுக்க வேண்டுமே. அவ்வளவு பெரிய முட்டுக்கு அந்த நாட்டுக் காடுகளில் மரம் கிடையாது. எட்டு வருஷம் கோவிலுக்குள்ளேயே மழை பெய்தது.

அப்போதுதான் சூசை என்ற கொத்தன் அரசவைக்கு வந்தான். கப்பல்காரர்களோடு தூர தேசங்களுக்குப் போய், இடிந்து கிடந்த பழைய மாடங்களில் ஏறி, ஒவ்வொரு கல்லையும் கயிறு பிடித்து அளந்து வந்தவன் அவன்.

"முட்டே வேண்டாம், மகாராஜா. வட்டம் வட்டமாக அடுக்குவேன். ஒவ்வொரு வட்டமும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்" என்றான்.

சபை சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அரண்மனைக் கட்டட வேலைகளுக்கு மேலாளரான திருமலைக்கொழுந்து. எட்டு வருஷமாகத் தன்னால் முடியாததை ஒரு கொத்தன் முடிப்பதா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"அந்தரத்தில் செங்கல் நிற்குமாம். மகாராஜா, நாளைக் காலையில் இவன் இதைச் சபை முன்னால் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் கொத்துக்கரண்டி பிடிக்கிற அந்த வலது கை இவனுக்கு எதற்கு?"

"சரியாகச் சொன்னீர்" என்றான் ராஜா, யோசிக்காமல்.

கை போனால் கொத்தன் வெறும் ஆள். கணக்கில் சூசைக்குச் சந்தேகம் இல்லை. அதைப் பார்க்கப் போகிற கண்களில்தான் சந்தேகம்.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் சபை கூடியது. ஓரத்தில் கொலைக்களத்து ஆள் வெட்டுக்கத்தியோடு நின்றான். சூசை ஒரு செங்கல்கூடக் கொண்டுவரவில்லை. முத்துக்குளிக்கும் ஆட்கள் பதினைந்து பேரைக் கூட்டி வந்திருந்தான்.

"இவர்கள்தான் என் செங்கல், மகாராஜா. வட்டமாக நின்று, உள்பக்கம் சாய்வார்கள். நடுவில் முட்டு கிடையாது. இன்னும் ஓர் ஆள் வேண்டும். மேலாளர் ஐயா வரட்டும்."

ராஜாவுக்கு ஆச்சரியம். "உன் கையைக் கேட்டவரையா கூப்பிடுகிறாய்?"

"எல்லாச் செங்கலும் கொத்தனிடம் பிரியமாக இருப்பதில்லை, மகாராஜா."

மேலாளருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. ஒரு செங்கல் நழுவினால் போதுமே, வட்டம் முழுக்கச் சரியும். பழம் தானாகவே மடியில் வந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பதினைந்து பேரும் தோளோடு தோள் நெருக்கி, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கைகோத்து, உள்பக்கம் சாய்ந்தார்கள். ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. மூடாத வட்டத்துக்குப் பலம் கிடையாது. காலி இடத்தின் இரண்டு பக்க ஆட்களையும் சூசையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலாளர் அவசரப்படவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அங்கவஸ்திரத்தை மடித்தார். செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"அண்ணே, தோளு நடுங்குது. இனிமே தாங்காது" என்றான் குரூசு, முத்துக்குளிப்பவர்களின் தலைவன்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் தம்பி. விட்டுடாதே."

சூசையின் வலது கை மரத்துப்போயிற்று. வெட்டுக்கத்திக்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். வட்டம் ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கியது.

"என்னய்யா அலங்காரம், போய் நில்லும்" என்று ராஜா எரிந்து விழுந்தான்.

வேறு வழியில்லாமல் மேலாளர் காலி இடத்துக்குள் நுழைந்தார். இரண்டு பக்கத்துத் தோள்களும் அவரை இறுக்கின. சூசை பிடியை விட்டு, பத்தடி தள்ளிப்போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மேலாளர் நினைத்த நேரம் வந்தது. விழுந்து வட்டத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று முழங்காலை மடக்கினார். விழவில்லை. தோளை நெளித்தார். நெளிய நெளிய இறுக்கம் கூடியது. கடைசியில் ஆத்திரத்தில் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

அப்படியே தொங்கினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மற்ற பதினைந்து பேரும் அசையவில்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, குனிந்து, அந்தரத்தில் ஆடும் கால்களைப் பார்த்தான்.

"மேலாளரே, காலைத் தூக்கிவிட்டீரே, ஏன் விழவில்லை?"

சூசைதான் பதில் சொன்னான்.

"உள்ளே விழப் பார்க்கிற கல்லைப் பக்கத்துக் கற்கள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், மகாராஜா. வட்டம் மூடும்வரைதான் பயம். அதுவரை பிடித்து நிறுத்த, நடுநடுவே செங்கலைச் செங்குத்தாக வைத்து மீன்முள் மாதிரி அடுக்குவேன். மூடின பிறகு எந்தக் கல்லும் நினைத்தாலும் விழ முடியாது."

ராஜா வெட்டுக்கத்திக்காரனைப் போகச் சொன்னான். தன் விரலில் இருந்த முத்து மோதிரத்தைக் கழற்றிச் சூசையின் வலது கையில் தானே போட்டுவிட்டான். அந்தக் கையை வெட்டவைக்கப் பார்த்தோமே என்று அவன் முகம் சிறுத்துப்போனது.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

"மேலாளர் ஐயாவை எனக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வட்டம் மூடும்போதும் அவர் கோவில் நடுவில், நேர் கீழே, நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கட்டும்."

அப்படியே உத்தரவாயிற்று. முதல் வாரம் திருமலைக்கொழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் விடிந்ததும் விடியாததுமாகச் சூளைக்கே போய்விட்டார். ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததை உடைத்துப் போட்டார். சுண்ணாம்பை நாக்கில் வைத்தே பார்த்தார். வெண்சங்கு நாட்டில் அவ்வளவு உறுதியான செங்கல் அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் சுட்டதில்லை.