மந்தக்கரை டைரக்டரும் கிட்டே இழுக்கிற லென்ஸும்

மந்தக்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை. போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து என்னைத்தான் திட்டுகிறார்கள். கழுகுப்பாறை என்கிற குன்றுக்கு இந்தப் பக்கம் மந்தக்கரை, அந்தப் பக்கம் செங்கரை டவுன். பஸ் குன்றைச் சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம் ஆகும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த ஊர் உரக்கடை கதிர்வேலுவின் மகன் பொன்னுரங்கம் சினிமா டைரக்டர் ஆவதென்று முடிவு செய்தான். முடிவு செய்த வாரமே தாடி விட்டான், தொப்பி வாங்கினான், மடக்கு நாற்காலியின் முதுகில் தன் பெயரை எழுதிக்கொண்டான். டைரக்டர் வேலையில் முக்கால்வாசி அதோடு முடிந்துபோனது. படம் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

கதிர்வேலுவுக்குப் பொறுமை போய்விட்டது. "செங்கரைத் திரைப்பட மன்றத்துல குறும்படப் போட்டின்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கான். ஆடி கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உன் படத்தை அங்க குடுத்துடு. குடுத்துட்டேன்னா உன் வழியில நான் குறுக்க வரமாட்டேன். குடுக்கலையா, ஆவணி ஒண்ணாந்தேதி கடைச்சாவியை வாங்கிக்கிட்டுப் பூச்சிமருந்து அலமாரி பக்கத்துல உக்காந்துடு" என்றார்.

பொன்னுரங்கத்துக்குப் பூச்சிமருந்து வாடையே ஆகாது. ஆயுசு முழுக்க அந்த வாடையில் உட்கார வேண்டும் என்றதும் பாவம், தாடி எல்லாம் வியர்த்துவிட்டது.

நல்லவேளை, ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. செங்கரையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ திருமேனியின் கேமரா சும்மா கிடந்தது. "ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கேமரா என் கைக்கு வந்துடணும்" என்ற ஒரே நிபந்தனையோடு அவர் தரச் சம்மதித்தார். மனிதர் நல்லவர். மந்தக்கரைக்காரர்களோடு அதற்கு முன் பழகியதில்லை.

பொன்னுரங்கம் தன் குழுவோடு போய் நின்றான். டெய்லர் சிவசைலம் கேமராமேன். லென்ஸில் மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஊரிலேயே டேப் வைத்திருக்கும் ஆள் என்பதால் அவரைச் சேர்த்திருந்தான். மைக்செட் தாண்டவனுக்கு லைட்டிங். பரோட்டா மாஸ்டர் வடமலை கதாநாயகன். படத்துக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. இரண்டாம் பாகத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

திருமேனி நிறுத்தி நிதானமாகப் பாடம் நடத்தினார். "இந்தக் குட்டை லென்ஸ் மனுஷக் கண்ணு மாதிரி. நம்ம கண்ணுக்குத் தெரியற மாதிரியே காட்டும். இந்த நீள லென்ஸ் தூரத்துல இருக்கறதைக் கிட்டக் கொண்டாந்துடும். உச்சி வெயில்ல எடுத்தா சூரியனுக்கும் மூஞ்சிக்கும் நடுவுல வெள்ளைத் துணி கட்டிக்குங்க, வெளிச்சம் மெத்துன்னு விழும். ஆள் தெளிவா இருக்கணும், பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கலாத் தெரியணும். அவ்வளவுதான் தொழில்."

நால்வரும் ஒவ்வொரு வார்த்தையையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதியதில் ஒரு பிழை கிடையாது. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

மறுநாள் படப்பிடிப்புக்கு முன் ஆலோசனை நடந்தது.

"மனுஷக் கண்ணு மாதிரின்னாரே, எந்த மனுஷன் கண்ணு?" என்றார் சிவசைலம். "எனக்கு ஊசி கோக்கறதுக்குக் கண்ணாடி வேணும். டைரக்டருக்குப் பஸ் போர்டு படிக்கக் கண்ணாடி வேணும். இந்தக் கேமராவுக்கு எது தெரியுது, எது தெரியலைன்னு பாக்காம நாம எப்படிப் படம் எடுக்கறது?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நல்ல காலமாக அன்றைக்கு மந்தக்கரைப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய் வரிசையில் உட்கார வைத்தார்கள். சீட்டு எழுதியவருக்குப் பெயர் கேமரா, வயது நாலு, ஊர் செங்கரை என்று தாண்டவன் விவரம் சொன்னான். முந்நூறு பேருக்கு மருந்து விட்டுக் கை ஓய்ந்துபோயிருந்த நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. லென்ஸில் இரண்டு சொட்டு விட்டு, "அரை மணி கண்ணைத் திறக்காம உக்காருங்க. அடுத்தவங்க வாங்க" என்றார்.

லென்ஸை மூடி போட்டு மூடி, மர நிழலில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு திறந்து பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"மருந்து விட்டா ஒரு நாள் அப்படித்தான் இருக்கும். எங்க மாமாவுக்கும் இருந்துச்சு" என்றான் வடமலை. அதனால் அன்றைக்குப் படப்பிடிப்பு ரத்து. கேமராவுக்கு இளநீர் கொடுக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. குடிக்க வாய் இல்லை என்பதால் நால்வரும் குடித்தார்கள்.

அடுத்த நாள் ரேஷன் கடை வாசலில் காட்சி. கதாநாயகன் சோகமாக நடந்து வருகிறான். பின்னால் ரேஷன் வரிசை. பின்னாடி இருப்பது மங்கலாகத் தெரிய வேண்டுமே! தாண்டவனுக்கு யோசனை வந்தது. "போட்டோ எடுக்கறப்ப ஆடினா மங்கலாத்தானே விழுது? இவங்களை ஆடச் சொல்லுவோம்."

பொன்னுரங்கம் மைக்கில் அறிவித்தான். "பின்னாடி நிக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, நான் ஆக்‌ஷன்னு சொன்னதும் எல்லாரும் ஆடணும். நிறுத்தக் கூடாது."

மந்தக்கரை மக்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அரிசிப் பையும் மண்ணெண்ணெய் டப்பாவுமாக நாற்பது பேர் ஆடினார்கள். வரிசைக் கடைசியில் நின்ற எண்பது வயது ஆறுமுகக் கவுண்டர் மட்டும் கோபித்துக்கொண்டார். "எனக்கு நாலு வருஷமா உடம்பு தானா ஆடுதுடா. எனக்குமா மைக்குல சொல்லணும்?" அவரைச் சமாதானப்படுத்தி டீ வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் கட்டியிருந்த எருமை எவ்வளவு கெஞ்சியும் ஆடவில்லை. அதனால் படத்தில் எருமை ஒன்றுதான் தெளிவாக விழுந்தது.

அதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. வெள்ளைத் துணி கட்ட வேண்டும். தாண்டவன் தன் வேட்டியோடு தயாராக நின்றான், டவுசர் போட்டிருந்ததால் பிரச்சினை இல்லை. எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி.

"சூரியனுக்கும் மூஞ்சிக்கும் நடுவுலன்னாரு. நடுவுன்னா சரிபாதி. எவ்வளவு தூரம்னு அளந்தாத்தானே பாதி தெரியும்?" என்றார் சிவசைலம். கழுத்தில் கிடந்த டேப்பைப் பிரித்து வானத்தைப் பார்த்தார். அறுபது அங்குலத்தோடு டேப் முடிந்துவிட்டது.

"சூரியன் பக்கமாக் கட்டினா ஏணி பத்தாது" என்றான் தாண்டவன்.

"அப்ப மூஞ்சிப் பக்கமாக் கட்டிடு" என்று டைரக்டர் தீர்ப்புச் சொன்னான்.

வடமலையின் முகத்தில் வேட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். வடமலை அதற்குள்ளேயே அழுதான், சிரித்தான், காதலித்தான், ஒரு இடத்தில் பழிவாங்கவும் செய்தான். நடிப்பு ரொம்ப இயல்பாக இருந்ததாக எல்லோரும் பாராட்டினார்கள். வெளிச்சம் மெத்தென்றுதான் விழுந்தது, திருமேனி சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

நீள லென்ஸை மாட்டியது ஏரிக்கரையில். வடமலையை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இக்கரையில் மூவரும் நின்றார்கள். சிவசைலம் லென்ஸைத் திருகினார். கேமராவின் பின்பக்கத் திரையில் வடமலையின் முகம் பரோட்டாக்கல் அகலத்துக்கு வந்து நின்றது.

"வந்துட்டான்!" என்று தாண்டவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

பொன்னுரங்கம் செல்போனில் கூப்பிட்டான். "வடமலை, நீ எங்கடா இருக்கே?"

"அக்கரையில, அரசமரத்துக்கிட்ட."

"புளுகாதே. உன் மூக்கு மேல உக்காந்திருக்கிற ஈ கூட இங்க எங்க கையெட்டுற தூரத்துல இருக்கு."

வடமலை மூக்கைத் தொட்டுப் பார்த்தான். ஈ இருந்தது. "ஐயையோ, அப்ப நான் அங்கதான் இருக்கேனா? எனக்குத் தெரியவே இல்லையே. காலைல இருந்து சாப்பிடலண்ணே, அதான் புத்தி மங்கிப்போச்சு."

"கிட்டத்தானே இருக்கே, இந்தா சாப்பிடு" என்று தாண்டவன் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கவளம் எடுத்து லென்ஸுக்கு நேராக நீட்டினான். அந்த நேரம் பார்த்து அக்கரையில் வடமலை கொட்டாவி விட்டான். கவளம் கீழே விழுந்தது. அக்கரையில் வடமலை வாயில் கிடந்த பாக்கை மென்றான்.

"மெல்லுறான்யா!" என்றார் சிவசைலம்.

பொட்டலம் முழுவதையும் கவளம் கவளமாக லென்ஸின் முன்னால் ஊட்டி முடித்தார்கள். கீழே ஒரு நாய் நின்றது என்பதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சுற்றி நடந்து வந்த வடமலை தனக்குச் சாப்பாடு வரவில்லை என்றான். மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள், நன்றிகெட்டவனே என்று திட்டினார்கள். வடமலை வயிற்றைத் தடவிப் பார்த்தான். "நீங்க சொன்னப்புறம் பாத்தா, லேசா நெறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றான்.

இப்படியே ஆடி கடைசி நாள் வந்தது. உச்சக்கட்டக் காட்சியைக் கழுகுப்பாறை உச்சியில் எடுத்தார்கள். படம் முடிந்தது. நால்வரும் கட்டிப்பிடித்து அழுது, வெற்றி விழா எந்த மண்டபத்தில் என்று பேசி, அதில் யார் முதலில் பேசுவது என்று சண்டை போட்டு, சமாதானமாகி மணியைப் பார்த்தால் ஐந்தே முக்கால். ஆறு மணிக்குள் செங்கரையில் கொடுக்க வேண்டும். பஸ் போய்விட்டது.

பொன்னுரங்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "போச்சுடா. நாளைலேர்ந்து பூச்சிமருந்துதான்" என்றான். எனக்கே கஷ்டமாக இருந்தது.

சிவசைலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டைரக்டரே, செங்கரை எங்க இருக்கு?" என்றார்.

"அதோ, கீழதான்."

"தூரத்துல இருக்கு. அதானே பிரச்சினை? தூரத்துல இருக்கறதைக் கிட்டக் கொண்டாற லென்ஸ் நம்ம கைலதானே இருக்கு?"

மூவரும் அவரைக் கும்பிட்டார்கள். நீள லென்ஸை மாட்டிச் செங்கரையைத் துழாவினார்கள். பஸ் ஸ்டாண்டு வந்தது, போனது. திரைப்பட மன்றத்தின் மஞ்சள் கட்டிடம் வந்தது. ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த செயலாளரும் வந்தார். பக்கத்தில் கவர்கள் அடுக்கியிருந்தன.

பொன்னுரங்கம் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றினான். வேட்டியில் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, லென்ஸின் முன்னால் இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினான். "ஐயா, மந்தக்கரை பொன்னுரங்கம் படம்."

திரையில் செயலாளர் டீ கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார்.

"கை நீட்டுறார், விடு!" என்று மூவரும் கத்தினார்கள். பொன்னுரங்கம் விட்டான். பாறை இடுக்கில் எங்கோ டிக் என்று ஒரு சத்தம். செயலாளர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "பத்திரமா வெச்சுப் பூட்டறார்" என்றான் தாண்டவன். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

வீட்டு வாசலில் கதிர்வேலு சாவிக்கொத்தோடு காத்திருந்தார். "குடுத்தாச்சா?"

"என் கையாலயே குடுத்தேன்பா. அவர் கை நீட்டி வாங்கினார்."

"ரசீது?"

"குடுத்திருப்பார்பா. அதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டார்."

கதிர்வேலுவும் மந்தக்கரையில் பிறந்தவர்தானே. தாடையைச் சொறிந்து யோசித்தார். "நல்ல மனுஷன். காத்துல பறந்துடக் கூடாதுன்னு சாத்தியிருப்பார்" என்று சொல்லிச் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். பொன்னுரங்கம் அவர் காலில் விழுந்தான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் திருமேனியின் போன் வந்தது. "டேய், ஒம்போதுக்குத் தாலி கட்டுறாங்க. கேமரா எங்கடா?"

"இதோ, ரெண்டே நிமிஷம். நீங்க ஸ்டுடியோ வாசல்ல வந்து நில்லுங்கண்ணே" என்றான் பொன்னுரங்கம். நால்வரும் கழுகுப்பாறையில்தான் நின்றார்கள். லென்ஸைத் திருகியதும் திருமேனி ஸ்டுடியோ வாசலோடு கிட்டே வந்துவிட்டார். காதில் போன், முகத்தில் வியர்வை.

"கையை நீட்டுங்கண்ணே, கேமராவைக் குடுத்துடறோம்."

திருமேனி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றும் புரியாமல் கையையும் நீட்டினார். சிவசைலம் கேமராவைத் தூக்கி லென்ஸின் முன்னால் வைக்கப் போனார். லென்ஸும் கூடவே வந்தது. வேகமாகத் திருப்பிப் பார்த்தார். அதுவும் வேகமாகத் திரும்பியது. தாண்டவன் முயன்றான். வடமலை முயன்றான். கடைசியில் சிவசைலம் டேப்பை வைத்துக் கேமராவைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

பொன்னுரங்கம் போனை எடுத்தான். "அண்ணே, கோவப்படாதீங்க, எங்க மேல தப்பில்ல. ஒத்தைக் கேமராவைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். உடனே இன்னொரு கேமரா குடுத்தனுப்புங்க. அது வழியா உங்களைக் கிட்டக் கொண்டாந்து இதை உங்க கைல வெச்சுடறோம்."

தாண்டவன் பொன்னுரங்கத்தின் சட்டையை இழுத்தான். "டைரக்டரே, அப்புறம் அந்த ரெண்டாவது கேமராவை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

நால்வரும் பாறையில் உட்கார்ந்து ஆழ்ந்து யோசித்தார்கள். பொன்னுரங்கம் மறுபடி போனைக் காதில் வைத்தான்.

"அண்ணே, எதுக்கும் மூணாவே அனுப்பிடுங்க."